சேமிக்காத கோப்பு

அன்று காலை தமிழ்நிலாவுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, லேப்டாப்பில் ஒரு வரி தட்டி மூடி வைத்தார். பிறகு ஒற்றை சாக்ஸைக் காணோம் என்று கட்டிலுக்கடியில் குனிந்து தேடினார். என் கணவர் மதிவாணன் வீட்டில் கடைசியாகச் செய்தது அதுதான். ஜெனரல் ஷிஃப்டுக்குப் போனவர் கம்பெனி பஸ்ஸிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

எங்கள் மகள் தமிழ்நிலாவுக்கு ஒன்பது வயது. வலிப்பு உண்டு. அவளுடைய மருந்து விவரங்களை அவர் லேப்டாப்பில், எக்ஸ்எம்எல் என்ற வகை எழுத்துக் கோப்பில் வைத்திருந்தார். பெயர், அளவு, தொடங்கிய நாள், நிறுத்திய நாள் ஒவ்வொன்றும் தனித்தனிக் குறிகளுக்குள் இருக்கும். நடுநடுவே தன் குறிப்புகளையும் எழுதுவார். மாத்திரைக்கெல்லாமா கதை எழுதுவீர்கள் என்று கேலி செய்வேன். அது மெஷினுக்கு இல்லை அமிர்தம், நாம் படிக்க என்பார்.

காரியம் முடிந்த வாரம் அவர் தம்பி அறிவழகன் என் போனில் ஒரு ஆப் ஏற்றி, இணையத்தில் இருந்த அதே கோப்பை அதில் திறந்து கொடுத்தார். பார்க்கச் சுத்தமான பட்டியலாக இருந்தது. மாத்திரை கொடுத்ததும் தேதியைப் போட்டு, தினமும் சேமித்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் அவளுக்கு வலிப்பு வந்து நிற்கவே இல்லை. கடலூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஊசி போட்டு அடக்கிவிட்டு டாக்டரம்மா கேட்டார், இதற்கு முன் எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனதா என்று.

போனது. எனக்கு ஆபரேஷன் ஆகி நான் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம் அது. ஒரு மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்திவிட்டேன் என்று என் கணவர் பின்னால் போகிற போக்கில் சொன்னார். பெயரை நான் கேட்கவில்லை. அவளைப் பார்த்த பழைய டாக்டரும் கிளினிக்கை மூடிவிட்டுப் போய்விட்டார்.

போனைத் திறந்தேன். நிறுத்திய மருந்துகள் நான்கு இருந்தன. நான்கிலும் நிறுத்திய நாள் ஒன்றே, பின்னால் மொத்தமாகப் பதிந்திருக்கிறார். குறிப்பு ஒன்றுகூட இல்லை. மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன்.

"நாலுல ரெண்டு நான் யோசிச்சு வெச்சிருக்கறதும்மா," என்றார் டாக்டர். "நாலு மணிக்குள்ள ஒண்ணு ஆரம்பிச்சாகணும்."

அப்போது மணி ஒன்றரை. அறிவழகனைக் கூப்பிட்டேன்.

"அந்த ஆப் படிக்கும்போதே குறிப்பை விட்டுடும்போல அண்ணி. திருப்பி எழுதும்போது தனக்குத் தெரிஞ்சதை மட்டும்தான் எழுதும். நான் சேவ் மட்டும்தான் பண்ணேன்."

"நானும் அதைத்தான் பண்ணேன் தம்பி. தினமும்."

லேப்டாப்பில் பழைய பிரதி இருக்கும், என் கணவர் மூடியதிலிருந்து யாரும் திறக்கவில்லை என்றேன். அறிவழகன் குரல் இறங்கிவிட்டது. திறந்தால் அது தானாக நெட்டைப் பிடிக்கும், பிடித்ததும் புதுக் கோப்பை இறக்கிப் பழையதன்மேல் எழுதிவிடும் என்றார். எத்தனை நொடியில் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

அறிவழகன் தன் ஊரான வடக்குத்திலிருந்து எங்கள் கம்பெனி குவார்ட்டர்ஸ் வீட்டுக்கு வண்டியில் போனார். பக்கத்து வீட்டு மலர்கொடியிடம் சாவி. முதலில் வைஃபை பெட்டியின் வயரைப் பிடுங்கச் சொன்னேன். அந்த ஆப் வேண்டாம், வெறும் எழுத்தாகத் திற, எதையும் சேமிக்காதே, திரையைப் போட்டோ எடு என்றேன். சொன்னதையே மூன்று தடவை சொன்னேன். பிறகு போனை மடியில் வைத்துக்கொண்டு மகளின் மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நர்ஸ் ஒரு தட்டோடு உள்ளே வரும்போதெல்லாம் எழுந்து மறித்தேன். அது வெறும் தெர்மாமீட்டர்தான்.

மூன்று இருபதுக்குப் போட்டோ வந்தது. மூன்றாவது மருந்துக்குக் கீழே என் கணவர் எழுதியிருந்தார்:

"மூணாம் நாள் உதடு வீங்கிச்சு, மூச்சு இழுத்துச்சு. தோள்ல போட்டுக்கிட்டே விடிய விடிய நடந்தேன். அமிர்தத்துக்கிட்ட சொல்லல, தையல் பிரிக்கல இன்னும். இதை இனி எப்பவும் கொடுக்கக் கூடாது."

டாக்டரிடம் காட்டினேன். படித்துவிட்டு, ஏற்கெனவே எழுதி வைத்திருந்த சீட்டை எடுத்து ஒரு வரியை அடித்தார். அடித்தது அந்தப் பெயரைத்தான். வேறொன்றை எழுதினார்.

மகள் பிழைத்தாள். இப்போது மருந்தை நோட்டில் எழுதுகிறேன். லேப்டாப்பை நெட்டில் இணைப்பதில்லை. அந்தக் கோப்பை மாதம் ஒருமுறை படிப்பேன், சேமிக்காமல் மூடுவேன். அதன் அளவு இன்றும் அதே 41,318 பைட், அவர் எழுதியதில் ஒரு எழுத்தும் குறையவில்லை.