தண்ணீர் மேசையில் நாத்தனார்

பல் டாக்டருக்கு முதலில் வலித்தது முதுகுதான். நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் குனிந்து பார்த்தே பிழைப்பு நடத்துகிறவருக்கு வேறு எங்கே வலிக்கும்? எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "நீச்சலுக்குப் போங்க, சரியாயிடும்" என்றார். போனார், முதுகும் சரியானது. ஆனால் நீச்சல் குளத்தில் சேர்ந்த சகவாசம் சரியில்லை. அங்கே வந்தவர்கள் எல்லாம் நீந்தி முடித்த ஈரத்தோடு சைக்கிளில் ஏறுகிறவர்கள், சைக்கிளை விட்டு இறங்கியதும் ஓடத் தொடங்குகிறவர்கள். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு டாக்டரையும் அந்தக் கிறுக்கு பிடித்துக்கொண்டது.

சின்னப் போட்டி ஒன்றை அவர் முடித்தபோது வீட்டில் எல்லோரும் கைதட்டினார்கள். அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தார்கள். டாக்டர் போய் அடுத்த பெரிய போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தார். ஏரியில் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நீச்சல், பிறகு தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள், அதுவும் போதாதென்று அரை மாரத்தான் ஓட்டம்.

"எல்லாம் ஒரே நாள்லயா?" என்று கேட்டார் கணவர். வீடுகளுக்கு வரைபடம் போடுவது அவர் தொழில். எதையும் அளந்துதான் பேசுவார்.

"ஒரே மூச்சுல."

"மூச்சு மிச்சம் இருந்தாத்தானே?"

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. மழைக்காலத்தில் சைக்கிளின் பின்சக்கரத்தை ஒரு ஸ்டாண்டில் மாட்டிப் படுக்கையறையிலேயே மிதித்தார். கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே பழைய மின்விசிறி மாதிரி அது உறும, கணவர் தலையணையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குக் குடிபெயர்ந்தார். கிளினிக்கில் ஒரு நோயாளி போய் அடுத்தவர் வருவதற்குள் டாக்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவார். நர்ஸ் முதலில் பயந்தாள், பிறகு அவளும் சேர்ந்துகொண்டாள்.

பெரிய தலைவலி சாப்பாட்டு விஷயத்தில் வந்தது. இத்தனை தூரம் போக வேண்டுமென்றால் வழியெல்லாம் சர்க்கரைக் கூழைப் பிழிந்து குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இத்தனை வருஷமாகக் குழந்தைகள் கையிலிருந்த மிட்டாயைப் பிடுங்கிப் போட்டவர் அவர். ஒவ்வொரு பாக்கெட்டையும் குடித்ததும் திருடியவரைப் போல அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தண்ணீர் ஊற்றி வாயைக் கொப்பளித்தார்.

இந்த அமளிக்கெல்லாம் கொஞ்சம் முன்னால்தான் நாத்தனாரோடு சண்டை வந்திருந்தது. நாத்தனார் என்றால் கணவரின் அக்கா. குடிதண்ணீர் பாட்டில் கம்பெனி ஒன்றில் மேலாளர். வாய் கொஞ்சம் பெரிது, மனசும் அப்படித்தான். குடும்பத்தில் ஒரு பிறந்தநாள் விருந்தில் அவர் எதற்கோ வாய்விட்டுச் சிரிக்க, எதிரே உட்கார்ந்திருந்த டாக்டரின் கண்ணில் புதுசாக ஒரு பல் பட்டுவிட்டது.

"அண்ணி, கடைவாய்ப் பல்லுக்கு கேப் போட்டிருக்கீங்களா? யாரு போட்டது?"

"தெரிஞ்சவர் ஒருத்தரு."

"அப்ப நான் தெரியாதவளா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் சுற்றிலும் பத்துப் பேர் இருந்தார்கள். பேச்சுக்குப் பேச்சு வளர்ந்தது. தட்டில் கை வைக்காமலே நாத்தனார் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அதன் பிறகு ஒரு வருஷம் இரண்டு பேரும் பேசவில்லை. கணவர்தான் பாவம், அக்காவிடம் பேச வேண்டுமென்றால் மொட்டை மாடிக்குப் போய்ப் பேசினார்.

போட்டி நாள் வந்தது. விடிந்தும் விடியாமலும் ஏரிக்கரையில் நூற்றுக்கணக்கான ரப்பர் தொப்பிகள் நின்றன. ஊதல் ஒலித்ததும் எல்லோரும் தண்ணீரில் விழுந்தார்கள். யார் கையோ டாக்டரின் கன்னத்தில் விழுந்தது, யார் காலோ விலாவில் இடித்தது. ஒதுங்கித் தப்பித்தவர், தூரத்தில் ஆரஞ்சு நிறத்தில் மிதவை ஒன்று தெரிய, நேராக அதைப் பார்த்து நீந்தினார். எவ்வளவு நீந்தியும் அது கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே இருந்தது. கடைசியில் அது பேசவும் செய்தது.

"மேடம், என்னைத் தேடியா வர்றீங்க? நீங்க திரும்ப வேண்டிய இடம் அந்தப் பக்கம்!"

காவல் படகில் ஆரஞ்சுச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்த ஆள் அது. டாக்டர் சிரிக்கப் போய் ஏரியில் பாதியைக் குடித்தார். எப்படியோ திசை மாறி, கடைசிக் கூட்டத்தோடு கரை சேர்ந்தார்.

சைக்கிளில் எதிர்க்காற்று. போகும்போது முகத்தில் அடித்த காற்று, திரும்பும்போதாவது முதுகில் தள்ளும் என்று நம்பினார். அதற்குள் காற்றும் திரும்பிக்கொண்டது. எல்லோரும் அவரைத் தாண்டிப் போனார்கள். ஆனாலும் ஒரு வளைவில் மரங்கள் இரண்டு பக்கமும் ஓட, சக்கரம் சர்ரென்று சீற, நோயாளி இல்லை, போன் இல்லை, குனிந்து பார்க்க ஒரு வாய் இல்லை என்பது அவருக்குத் திடீரென்று உறைத்தது. சத்தமாக ஒரு பாட்டை எடுத்துவிட்டார். சுருதி சேரவில்லை, யாருக்கும் காதும் வலிக்கவில்லை.

சைக்கிளை விட்டு இறங்கியபோது கால் இரண்டும் அடுத்தவர் கால்போல் இருந்தன. ஏரியை மூன்று சுற்று ஓட வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு திருப்பத்தில் தண்ணீர் மேசை. முதல் சுற்றில் அங்கே கை நீட்டி ஒரு குவளையை வாங்கியவர், நிமிர்ந்து பார்த்தார். கம்பெனிப் பெயர் போட்ட தொப்பிக்குக் கீழே நாத்தனார் முகம். தண்ணீர் கொடுப்பது அவர் கம்பெனி, ஆள் வராத குறைக்கு மேலாளரே வந்து நின்றிருந்தார்.

"நீயா?"

"நான்தான்."

"இந்த வெயில்ல உனக்கு எதுக்குடி இது?"

பின்னால் ஆட்கள் நெருக்கவே, டாக்டர் வழக்கம்போல், "வரேன் அண்ணி" என்று சொல்லிவிட்டு ஓடினார். பத்தடி போன பிறகுதான், ஒரு வருஷத்துக்குப் பிறகு பேசிவிட்டோம் என்பதே அவருக்குப் புரிந்தது. அந்தச் சுற்று முழுக்கக் கால் வலி தெரியவில்லை. என்ன சொல்லியிருக்கலாம், எப்படி வெட்டியிருக்கலாம் என்று மனசுக்குள் ஒத்திகை ஓடியது.

இரண்டாம் சுற்றில் நாத்தனார் தயாராக இருந்தார். கையில் குவளை இல்லை, ஒரு ஜக்கு. கிட்டே வந்ததும் மொத்தத்தையும் டாக்டரின் தலையில் கவிழ்த்தார்.

"உன்னைத் தண்ணி தெளிச்சு விட்டுடலாம்னுதான் இருந்தேன். இப்ப ஊத்தவே வேண்டியதாப் போச்சு!"

டாக்டர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். மூச்சுதான் வந்தது.

"உன்கிட்ட ஏன் வரலைன்னு அன்னைக்குக் கேட்டேல்ல? இப்பச் சொல்றேன், கேளு. நீ வாயைத் திறக்கச் சொல்லுவ, உள்ள பஞ்சைத் திணிப்ப, அப்புறம்தான் பேசவே ஆரம்பிப்ப. என் பையன் மார்க்கு, என் தம்பி குறட்டை, நான் வாங்கின சோஃபா! ஒண்ணுக்காவது என்னால பதில் சொல்ல முடியுமா? மலங்க மலங்க முழிச்சிட்டுக் கிடப்பேன்."

டாக்டர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மறு கையை ஆட்டினார். இல்லை என்றா, ஆமாம் என்றா என்று அவருக்கே தெரியவில்லை.

"பாத்தியா? பேச முடியாம நின்னா எப்படி இருக்கும்னு இப்பத் தெரியுதா? சரி, போ, போ!"

ஈரம் சொட்டச் சொட்ட ஓடியவருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சிரித்ததில் விலாவில் பிடித்துக்கொண்டது. பிடித்த விலாவை அமுக்கிக்கொண்டே யோசித்தார். நாத்தனார் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அந்தச் சோஃபாவைப் பற்றி அவர் நிறையவே பேசியிருந்தார்.

மூன்றாம் சுற்று கொடுமை. குடித்த சர்க்கரையெல்லாம் வயிற்றில் கலகம் செய்தது. கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை, கொஞ்சம் மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்று நகர்ந்தார். மேசை கண்ணில் பட்டபோது அதை மடித்துக் கட்ட ஆள் வந்திருந்தது. நாத்தனார் அதன் மேல் இரண்டு கையையும் ஊன்றி நின்று, "இன்னும் ஒருத்தி பாக்கி இருக்கா. அவ வராம மேசையைத் தொட்டுப் பாருங்க" என்று மிரட்டிக்கொண்டிருந்தார்.

டாக்டர் மேசையருகே நின்றேவிட்டார். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. குறித்த நேரத்துக்குள் எல்லைக்கோட்டைத் தாண்டாவிட்டால் இத்தனை பாடும் கணக்கில் வராது. ஆனாலும் நின்றார்.

"அண்ணி, எனக்கு அன்னைக்குப் பல்லு பெருசா தெரியல. அவ்வளவு வலி வந்திருக்கு, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேன்னுதான்... அது தாங்கல."

நாத்தனார் தொப்பியைக் கழற்றினார், திரும்ப மாட்டினார். "சொல்லியிருக்கணும்டி. தப்புதான்" என்றார். பிறகு, "இங்க நின்னு அழுதுட்டிருந்தா யாரு ஓடறது? கிளம்பு!" என்று அதட்டினார்.

டாக்டர் கிளம்பினார். ஓடுபாதைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம், புல்வெளியில், ஆபீஸ் செருப்போடு நாத்தனாரும் கிளம்பினார். ஊதலோடு நின்ற கண்காணிப்பாளர் ஓடி வந்தார்.

"மேடம், வெளியாளு கூட ஓடக் கூடாது."

"நான் எங்க ஓடறேன்? என் காருக்குப் போயிட்டிருக்கேன்."

"கார் நிக்கிறது பின்னால, மேடம்."

"சுத்திப் போறேன். உங்களுக்கென்ன?"

டாக்டரால் சிரிக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஒலிபெருக்கி அவருடைய எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டது. கணவர் எல்லைக்கோட்டுத் தோரண வளைவுக்குக் கீழே நின்று இரண்டு கையாலும் அழைத்துக்கொண்டிருந்தார். நேரம் முடிய ஒரு சில நிமிஷங்களே இருக்கும்போது டாக்டர் கோட்டைத் தாண்டி, அப்படியே புல்லில் சரிந்தார்.

மூச்சு வாங்க வந்து பக்கத்தில் உட்கார்ந்த அக்காவையும், மல்லாந்து கிடந்த மனைவியையும் கணவர் மாறி மாறிப் பார்த்தார். சந்தோஷப்படலாமா, ஓடிவிடலாமா என்று அவருக்குப் புரியவில்லை.

"என்னடா பாத்துட்டு நிக்கிற?" என்றார் அக்கா. "இவ ஷூவைக் கழட்டு. அப்புறம் எங்க ரெண்டு பேருக்கும் சாப்பிட ஏதாவது வாங்கிட்டு வா. காரமா இருக்கணும், இனிப்புப் பக்கமே போயிடாதே."

மறுநாள் காலை டாக்டரால் மாடிப்படி இறங்க முடியவில்லை. முன்னால் இறங்கினால் தொடை கத்தியது. அதனால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாகவே இறங்கிக் கிளினிக்குக்குப் போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் குடும்பத்தோடு சாப்பிட வந்தார். இருட்டும்வரை கிளம்பவில்லை.