தாடைக்குக் கீழே ஒரு கோடு

மார்ச் பதினான்காம் தேதி காலை பதினொரு மணிக்கு, வார இதழ் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், ஆசிரியரின் மேஜைமேல் ஒரு தகரப் பெட்டி வைக்கப்பட்டது. அதற்குள் துப்பறியும் படக்கதையின் அசல் ஓவியங்கள் இருந்தன.

பெட்டியைத் தூக்கிவந்தவர் அந்தப் படக்கதையை இருபத்திரண்டு வருடமாக வரைகிறவர். அலுவலகத்தில் அவரை ‘ஓவியர்’ என்பார்கள். வேறு யாரையும் அந்தச் சொல்லால் அழைக்கக்கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தவள் அவருடைய மனைவியின் தங்கை. அவளுக்கு அங்கே கார்பன் என்று பெயர். அதை வைத்தவரும் ஓவியர்தான்.

பெயர் வந்த கதை அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூட வயதிலிருந்தே அவள் அந்தத் துப்பறிவாளனைப் பார்த்துப் பார்த்து வரைந்தவள். தொப்பி, நீளக் கோட்டு, பைக்குள் நுழைந்த கைகள், தாடைக்குக் கீழே தடித்த ஒரு கறுப்புக் கோடு. சாணித்தாளில் அச்சான அந்தப் பக்கங்கள்தான் அவளுக்குப் பள்ளிக்கூடம். பிறகு அதை வரைந்தவரே அக்காவுக்கு மாப்பிள்ளையாக வந்தார். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததாக அவள் நினைத்தாள். கல்யாணத்துக்கு மறுநாள் தான் வரைந்ததையெல்லாம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் இரண்டு தாளைப் புரட்டினார். “கார்பன் பேப்பர் தோத்துடும்” என்றார். கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள்.

அதன்பின் அவர் ஒரு கோடு சொல்லித்தரவில்லை, ஒரு அசல் பக்கத்தைக் காட்டவில்லை. அசல்கள் வீட்டில் பூட்டிய பீரோவில் இருந்தன. ஒவ்வொரு வாரமும் பக்கங்களைத் தானே அச்சகத்துக்குக் கொண்டுபோய், அச்சுக்குப் படம் எடுத்ததும் தானே திரும்பக் கொண்டுவருவார். இதே அலுவலகத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்து அவருடைய கதையில் வசனம் வரும் பலூன்களுக்கு எழுத்து எழுதத் தொடங்கிய பிறகும் அதில் மாற்றமில்லை. வசனத்தைத் தனித்தாளில் எழுதி வெட்டிக் கொடுக்க வேண்டும். ஒட்டிக்கொள்வது அவர் பாடு. கொழுந்தியாள் கையில் ஒரு பக்கத்தைக் கொடுத்தால் கண்ணாலேயே திருடிவிடுவாள் என்று அவர் சொல்வதாக அக்காவே ஒருமுறை சொல்லியிருக்கிறாள், பெருமையாக.

ஒன்பது வருடம் பலூன் எழுதியபின், கார்பன் தன் சொந்தப் படக்கதை ஒன்றை ஆசிரியரிடம் கொடுத்தாள். ‘பூட்டுக்காரி’ என்று தலைப்பு. பூட்டு ரிப்பேர் செய்கிற ஒருத்தி, சாவி தொலைத்தவர்களின் வீடுகளுக்குள் போய் வேறு எதையெல்லாமோ கண்டுபிடிக்கிற கதை. நான்கு மாதிரிப் பக்கங்கள். ஆசிரியர் புதியவர், பழைய விசுவாசங்கள் இல்லாதவர். ஜூனில் ஆரம்பிக்கலாம் என்றார். செய்தி மாடிப்படி இறங்குவதற்குள் ஓவியருக்குப் போய்விட்டது. அந்த நான்கு பக்கங்களையும் பார்க்காமலேயே அவர் திருட்டு என்றார். தன் கையை அப்படியே உரித்து எடுத்திருக்கிறாள், நிரூபிக்கிறேன், நிரூபித்தால் அவள் பலூன்கூட எழுதக்கூடாது என்றார். ஆசிரியர் ஒத்துக்கொண்டார். நிரூபணம்தான் தகரப் பெட்டியில் வந்திருந்தது.

ஆசிரியர் பக்கங்களை எடுத்து மேஜைமேல் பரப்பினார். கார்பன் எட்டிப் பார்த்தாள். வாழ்நாள் முழுக்கப் பார்க்கக் காத்திருந்ததை இப்படிக் குற்றவாளிபோல் உட்கார்ந்து பார்க்க நேர்ந்தது அவளுக்குக் கசந்தது.

“இதுல பேச ஒண்ணுமே இல்ல சார்” என்றார் ஓவியர். “என் கோடு எதுன்னு சின்னக் குழந்தை சொல்லும்.”

ஆசிரியருக்கும் அது தெரியும். வாசகர் எல்லோருக்கும் தெரியும். தாடைக்குக் கீழே அந்தத் தடித்த கோடு. அதுதான் ஓவியரின் முத்திரை. கார்பனின் பக்கங்களிலும் முகத்துக்கு முகம் அது இருந்தது. ஆசிரியர் அவள் பக்கம் ஒன்றை எடுத்து அசலுக்குப் பக்கத்தில் வைத்தார். குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். இன்னொரு அசலை எடுத்தார். பிறகு இன்னொன்றை.

“எங்கங்க அந்தக் கோடு?” என்றார்.

அசல்களில் அது இல்லை. தாடைக்குக் கீழே மயிரிழைபோல் மெல்லிய, நெருக்கமான ஏழெட்டுக் கோடுகள், நிப்பு முனையால் இழுத்தவை, மென்மையான ஒரு நிழல். அவ்வளவுதான். ஆசிரியர் அலமாரியிலிருந்து பழைய இதழ் ஒன்றை எடுத்து அதே பக்கத்தைப் பிரித்து வைத்தார். சாணித்தாளில் மை ஊறி, அந்த ஏழெட்டுக் கோடுகளும் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே கறுப்புக் கோடாகத் தடித்திருந்தன. ஊரே கொண்டாடிய முத்திரையைப் போட்டது அச்சகத்து மை.

ஓவியர் இதழைப் பிடுங்கிப் பார்த்தார். அச்சானதைப் பார்ப்பதில்லை என்பது அவருடைய நெடுநாள் பெருமை. சமைத்தவன் எச்சில் தட்டைப் பார்ப்பானா என்று கேட்பார். தாடைக் கோட்டைப் பற்றி வந்த பாராட்டுகளையெல்லாம் தன் மெல்லிய நிழலுக்கு வந்ததாகவே வாங்கி வைத்திருந்தார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைப் பெட்டியில் போட்டு, இரண்டு மாடி ஏறிவந்து செய்திருந்தார்.

“அப்போ இவ என்கிட்ட திருடல” என்றார், முகம் கறுத்து. “மெஷின்கிட்ட திருடியிருக்கா. எண்ணெய் போடறவன்கிட்ட கத்துக்கிட்டிருக்கா.”

அவருக்கு விழுந்த அடி தனக்கும் விழுந்திருக்கிறது என்பது கார்பனுக்குப் புரிந்தது. எந்தக் கோட்டுக்காக விரல் காய்த்துப்போனதோ அந்தக் கோடு யாருடையதும் இல்லை.

தோற்றவர் அப்படியே போயிருந்தால் கதை வேறு. அவர் உட்கார்ந்தார். முதல்முறையாக அவளுடைய நான்கு பக்கங்களையும் கையில் எடுத்து, ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். பார்க்கத் தெரிந்தவர்தான், அதில் குறை சொல்ல முடியாது. மூன்றாவது பக்கத்தில் அவர் உதடு கோணியது.

“பூட்டுக்காரின்னு பேரு. இவ கை எங்க?”

ஆசிரியர் வாங்கிப் பார்த்தார். பூட்டுக்காரி கதவுக்கு முன்னால் மண்டியிட்டிருந்தாள். கைகளை அவள் முதுகு மறைத்தது. சாவிக்கொத்தோடு நின்றாள்; கட்டத்தின் ஓரம் மணிக்கட்டிலேயே வெட்டியது. பூட்டைத் திறந்தாள், வசனப் பலூன் கைகளுக்கு மேல் வந்து உட்கார்ந்திருந்தது. மற்ற இடங்களிலெல்லாம் கைகள் மேலங்கிப் பைக்குள் இருந்தன. நான்கு பக்கத்திலும் ஒரு விரல் கிடையாது.

“கையில்லாம பூட்டைத் திறக்கறாளே, வாயால திறக்கறாளா?” என்றார் ஓவியர். “இது ஓவியம் இல்ல சார், ஒளிஞ்சு விளையாட்டு.”

கார்பனுக்குக் காது சுட்டது. இவ்வளவு நாளும் அவளுக்கே இது தெரியாது. கதாபாத்திரம் நிற்கிறது என்றால் கை பைக்குள் போகும், அது நிற்கும் விதம், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தாள். அவள் கண் தானாக மேஜைமேல் கிடந்த அசலுக்குப் போனது. துப்பறிவாளனின் கோட்டுப் பைக்கு மேல், தப்பை மறைக்கப் பூசுகிற வெள்ளைப் பூச்சு திட்டாக இருந்தது. அடுத்த அசலிலும் அதே இடத்தில். ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள். பூச்சுக்கு அடியில் வரைந்து, அழித்து, மறுபடி வரைந்து கைவிட்ட ஒரு கை தெரிந்தது. விரல்கள் வெண்டைக்காய் மாதிரி இருந்தன.

“நீங்க எதை ஒளிச்சீங்களோ அதைத்தான் நானும் ஒளிச்சிருக்கேன், அத்தான்” என்றாள். “இதைத்தான் உங்ககிட்டேருந்து எடுத்தேன். வேணும்னா திருப்பிக் குடுத்துடறேன்.”

அவர் அவள் கையிலிருந்து அசலைப் பறித்தார். ஒரு மூலை கிழிந்தது. பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் இறங்கிப் போனார்.

ஆசிரியர் சுற்றி வளைக்கவில்லை. திருட்டு இல்லை; ஆனால் கை இல்லாத பூட்டுக்காரியை அச்சிட முடியாது. மாதக் கடைசிக்குள் நான்கு பக்கங்களையும் திரும்ப வரைந்து வர வேண்டும். கை வந்தால் ஜூன், வராவிட்டால் பலூன்.

அன்று சாயங்காலம் அக்கா போன் செய்தாள். அவர் சாப்பிடாமல் படுத்திருக்கிறார் என்றாள். வெளியாள் முன்னால் வீட்டு மனிதரை அம்மணமாக்கிவிட்டாய், கதையைத் திரும்ப வாங்கிக்கொள் என்றாள்.

“பெட்டியைத் தூக்கிட்டு வந்தது நான் இல்லையே அக்கா.”

“அவர் போட்ட சோத்துல வளர்ந்த கை இது, ஞாபகம் வெச்சுக்க.”

“அவர் எதைப் போட்டார்? பேரைத்தான் போட்டார்.”

எதிர்முனையில் போன் வைக்கப்பட்டது.

அவள் கடைத்தெருவில் பூட்டு ரிப்பேர் செய்கிறவரின் பெட்டிக்கடைக்கு எதிரே நின்று வரைந்தாள். மூன்றாம் நாள் அவர் அரத்தைக் கீழே வைத்துவிட்டு, பூட்டு வேணுமா, இல்ல நோட்டம் பார்த்துட்டுப் போய் ராத்திரி ஆள் சேர்த்துக்கிட்டு வந்து கடையைத் திறக்கப் போறீங்களா என்று கேட்டார். விவரம் சொன்னதும் முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டார். பிறகு வீட்டில் தன் இடது கையில் அரத்தைப் பிடித்து, வலது கையால் வரைந்தாள். முதலில் வந்தவையும் வெண்டைக்காய்கள்தான். வெள்ளைப் பூச்சுப் புட்டியைக் குப்பையில் போட்டாள். தப்பாக வந்த கையை மறைக்க வழியில்லாமல் போனதும், தாளையே கிழித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியிருந்தது. கட்டை விரல் எங்கே முளைக்கிறது என்பது ஒரு கட்டத்தில் பிடிபட்டது. கைகள் அழகாக வரவில்லை. விரல் முட்டிகள் பெருத்து, நகம் உடைந்து, பிடிக்கிற கைகளாக வந்தன.

தாடைக்குக் கீழே போடும் கோட்டையும் நீக்கிப் பார்த்தாள். முகங்கள் வெளிறிப் போயின. விளக்கு நேர் மேலே எரிகிற கட்டங்களில் மட்டும் அதைத் திரும்பப் போட்டாள். மற்ற இடங்களில் விட்டுவிட்டாள்.

மாதக் கடைசியில் பக்கங்களைக் கொடுத்தாள். ஆசிரியர் இரண்டு கட்டங்களைத் திருத்தச் சொன்னார். அதே வாரம் ஓவியர் தன் கதைக்குப் பலூன் எழுத வேறு ஆளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவளை எதிரே கண்டால் படிக்கட்டில் ஒதுங்கி, சுவரைப் பார்த்து நின்றார்.

ஜூன் முதல் வாரம் ‘பூட்டுக்காரி’ வெளியானது. முதல் கட்டத்தில் ஒரு கையும் ஒரு பூட்டும் மட்டும் இருந்தன. எதிர்ப்பக்கத்தில் துப்பறிவாளன் பைக்குள் கைவிட்டபடி நின்றான். அந்த மாதம் வந்த வாசகர் கடிதங்களில் பாதி, கைகள் அசிங்கமாக இருப்பதாகச் சொல்லின. தொடர் நிறுத்தப்படவில்லை. அக்கா வீட்டிலிருந்து அழைப்பு வரவில்லை.