தையலுக்கு விட்ட இடம்

தம்பி முதலில் வாங்கியது பெட்டியைத்தான். கம்ப்யூட்டருக்குள் வைக்க வேண்டிய பொருள் ஒன்றுகூட இன்னும் வாங்கவில்லை; காலிப் பெட்டி மட்டும் வீடு வந்துவிட்டது. இரண்டு செருப்புப் பெட்டிகளை அடுக்கியது போல அளவு. அக்காவின் தையல் மேசைக்குக் கீழே, மிதிகட்டைக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற சந்தில் அது நிற்க வேண்டும் என்பது அவன் கணக்கு.

"பட்டனை வாங்கிட்டு அதுக்கேத்த சட்டையைத் தேடுறவன்டா நீ," என்றாள் அக்கா.

"தைக்கிறதை நிறுத்திட்டு அப்படியே திரும்பினா விளையாட்டு. எழுந்திருக்கக்கூட வேண்டாம். இடம்தான் முக்கியம்கா."

இருவரும் ஆடியது ஒரு படகு விளையாட்டு. படகு ஓட்டை. ஒருவர் ஓட்ட வேண்டும், இன்னொருவர் வாளியால் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆபீசில் கொடுத்திருந்த கம்ப்யூட்டரில் ஞாயிறுதோறும் ஆளுக்கொரு பட்டன் வைத்த கைப்பிடியோடு அவன் ஓட்டினான், அவள் இறைத்தாள். கடைசித் தீவு கண்ணில் படும் இடத்தில் நிறுத்திவிட்டு, "மிச்சத்தை நம்ம பெட்டியில பார்த்துக்கலாம்," என்றான். அடுத்த வாரம் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் அவன் இல்லை.

ஆபீஸ்காரர்கள் கம்ப்யூட்டரை எடுத்துப் போவதற்கு முன், அவன்கூடப் படித்த பார்ட்ஸ் கடைக்காரன் வந்து விளையாட்டை மட்டும் ஒரு சூயிங்கம் பட்டை அளவுள்ள மெமரியில் மாற்றிக் கொடுத்தான். எதைக் கேட்டாலும் வாரண்டியில் ஆரம்பித்து வாரண்டியில் முடிப்பதால் தம்பி அவனுக்கு வைத்த பெயர் வாரண்டி.

எட்டு மாதம் பெட்டி சும்மா கிடந்தது. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற அவள் கணவர், "நூல்கண்டாவது போட்டு வையேன்," என்றார். அன்றைக்குத்தான் அவள் முடிவு செய்தாள். படகைக் கரை சேர்த்தாக வேண்டும். அதுவும் இந்தப் பெட்டியிலிருந்து.

தம்பி எழுதி வைத்த பட்டியல் ஓர் அளவுச்சீட்டின் பின்பக்கம் இருந்தது. போர்டு, பிராசசர், இரண்டு ராம், பவர் சப்ளை, கிராபிக்ஸ் கார்டு. கார்டுக்கு எதிரே, 'அகலம் 12 செ.மீ. பெட்டிக்குள்ள 12.5. அப்படியே உக்காரும்' என்று அவன் கையெழுத்து. ஓர் எழுத்தைக்கூட மாற்றுவதில்லை என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டுதான் கடைக்குப் போனாள்.

"அக்கா, நான் சொல்றதைக் கேளு," என்றான் வாரண்டி. "இதைவிடப் பெரிய பெட்டி வச்சிருக்கேன். இதைக் குடுத்துட்டு அதை எடுத்துட்டுப் போ. பெரிய போர்டு விலையும் கம்மி. சின்ன போர்டுக்கு அநியாயமா கேக்குறான்."

"குழந்தை கவுனுக்கு நான் கூலி குறைச்சா வாங்குறேன்? சின்னதுதான் கஷ்டம். கேக்கத்தான் செய்வான். சின்னதே குடு."

"பிடிச்சா பிடிச்ச பிடி. தம்பியும் இப்படித்தான்."

"பேசிட்டே இருக்காதே, எடு."

போர்டு வந்தது. விசிறியோடு பிராசசர் வந்தது. ராம் மட்டும் எதற்கு இரண்டு என்று அவள் கேட்டதற்கு, "ஒத்தைக் கையால தைப்பியா? ரெண்டா போடு, ரெண்டு கையும் சேர்ந்து வேலை பாக்கும்," என்றான். அது அவளுக்குப் புரிந்தது. கடைசியாக அட்டைப்பெட்டியில் கார்டை எடுத்து வைத்தான். அவள் கொண்டு வந்ததில் பாதியை விழுங்குகிற சாமான் அதுதான்.

"வாரண்டி மூணு வருஷம். ஆனா பெட்டி சீல் உடைஞ்சிட்டா நான் திரும்ப எடுக்க மாட்டேன்."

அக்கா உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். வெட்டிய துணியும் திரும்பாது. "இதை வச்சிரு. நாளைக்கு வரேன். இதுக்குக் கரண்ட் குடுக்குற வயர் பழசு ஒண்ணு இருந்தா குடு. செருகுற இடம் எதுன்னும் காட்டு."

"எதுக்கு?"

"பேப்பர் கட்டிங் போட்டுப் பாக்கணும்."

வாரண்டி சிரித்தான். வயரைக் கொடுத்தான்.

புதுத் துணியில் அவள் நேராகக் கத்தரி வைத்ததே கிடையாது. முதலில் காகிதம், அப்புறம்தான் துணி. வீட்டுக்கு வந்து, சேலைக்கடை அட்டையை, கார்டின் பெட்டியில் போட்டிருந்த அளவுக்கே வெட்டி, கனத்துக்கு மூன்றாக ஒட்டி, செருகும் இடத்தில் வயரை நூலால் கட்டிப் பெட்டிக்குள் வைத்தாள். அட்டை அப்படியே உட்கார்ந்தது. வயர் உட்காரவில்லை. மேல்பக்கமாகக் கிளம்புகிற முரட்டு வயர். அது மடங்கித் திரும்ப மூன்று விரல் இடம் கேட்டது. இருந்ததோ அரை சென்டிமீட்டர். மூடியை அழுத்தினால் ஒரு பக்கம் எழும்பி, கொட்டாவி விடுகிற வாய் மாதிரி நின்றது.

அவள் தலையைத் திருப்பிச் சீட்டைப் பார்த்தாள். அப்படியே உக்காரும்.

உடம்பு அளவைச் சொல்லத் தெரியும் அவனுக்கு. தையலுக்கு விடத் தெரியாது. சட்டை தைக்கக் கொடுக்கும்போதும் இதே கதைதான். "சிக்குனு இருக்கணும்கா, ஒரு இன்ச் கூட விடாதே," என்பான். சரிடா என்பாள். உள்பக்கம் ஒரு இன்ச் மடித்து விட்டுத்தான் தைப்பாள். ஆறு மாதத்தில் அவன் சதை போடுவான். சட்டையைத் துவைக்க எடுக்கிற சாக்கில் பிரித்து விடுவாள். கடைசி வரைக்கும் அவனுக்கு அது தெரியாது. தன் உடம்பு மாறவே இல்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தான்.

சீட்டை மேசையில் வைத்து நீவினாள். பிறகு துணியில் கோடு போடுகிற சாக்கட்டியை எடுத்து, பன்னிரண்டின் மேல் ஒரு கோடு இழுத்தாள். சாக்கட்டிக் கோடு தட்டினால் போய்விடும்; அடியில் அவன் எழுத்து அப்படியே இருக்கும்.

மறுநாள் வாரண்டி வாதாடினான். "பன்னெண்டரைக்குள்ள பன்னெண்டு போகாதாக்கா?"

"மார்பளவு முப்பத்தாறுன்னா முப்பத்தாறுலயே வெட்டுவாங்களா? மூச்சு விட வேண்டாமா? தனி வயர் கேக்காத கார்டு இல்லையா?"

 அவன் உள்ளே போய்க் குட்டையான கார்டு ஒன்றை எடுத்து வந்தான். "இது போர்டுலேருந்தே கரண்ட் எடுத்துக்கும். ஆனா பலம் கம்மி. நிழலை அணைச்சிடணும், தண்ணியில பளபளப்பு இருக்காது. இதைப் போட்டேன்னு தெரிஞ்சா அவன் என் கழுத்தைப் பிடிச்சிருப்பான்."

"படகு ஓடுமா?"

"ஓடும்."

"ஓட்டைப் படகுக்குப் பளபளப்பு ஒரு கேடா? கட்டிக் குடு."

ஞாயிற்றுக்கிழமை காலை, துணி வெட்டும் மேசையில் வைத்து வாரண்டி ஒவ்வொன்றாகப் பூட்டினான், கடைசியில் விளையாட்டு இருந்த அந்தச் சூயிங்கம் பட்டை மெமரியையும். திருகாணிகளை அவள் உள்ளங்கையில் வைத்து எடுத்துக் கொடுத்தாள். மூடி சத்தம் போடாமல் சாத்திக்கொண்டது. பெட்டி சந்துக்குள் போய் நின்றது. மிதிகட்டையை மிதித்துப் பார்த்தாள், இடிக்கவில்லை.

திரையில் கடல் வந்தது. விட்ட இடத்திலேயே படகு. தண்ணீர் சாயம் போன நீலம், எதற்கும் நிழல் இல்லை. வாளியோடு ஒருத்தி நின்றாள். சுக்கானைப் பிடித்தபடி ஒருவன் நின்றான், அசையாமல்.

தம்பியின் கைப்பிடியை எடுத்து அக்கா தன் மடியில் வைத்துக்கொண்டாள். தன்னுடையதை, வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கணவரிடம் நீட்டினாள்.

"பஸ் ஓட்டுறவன் நான். ஓட்டுறதுன்னா என்கிட்ட குடு," என்றார் அவர்.

"ஓட்டுறது நான். நீங்க இறைங்க."

அவர் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எந்தப் பட்டன்மா?"

"சிவப்பு. நிறுத்தாம அமுக்கிட்டே இருக்கணும். நிறுத்தினா முங்கிடும்," என்றாள், தீவிலிருந்து கண்ணை எடுக்காமல்.