சிவப்புப் பொட்டு வைத்த டர்போ

வெங்கடேசனின் வண்டிக்கு ஒரு குணம் உண்டு. ஏசி போட்டால் மேம்பாலம் ஏறாது. மேம்பாலம் ஏற வேண்டுமென்றால் ஏசியை அணைக்க வேண்டும். டிரைவரைத் தவிர ஏழு பேர் உட்காரக்கூடிய, டர்போ இல்லாத காலத்து டீசல் வண்டி. கல்யாணம், காதுகுத்து, வல்லக்கோட்டைக் கிருத்திகை என்று ஓடிக்கொண்டிருந்தவரை யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாலம் வந்ததும் கண்ணாடியை இறக்கிக்கொள்வார்கள், இறங்கியதும் ஏற்றிக்கொள்வார்கள்.

கம்பெனிக்கு ஆள் ஏற்றுவது அப்படியில்லை. சேரப்பணஞ்சேரியிலிருந்து ஒரகடத்துக்கு செகண்ட் ஷிஃப்ட் பெண்களைக் கொண்டுபோக ஒரு வண்டி வேண்டும் என்று டிராவல்ஸ்காரர் மணிகண்டபிரபு சொன்னார். வழி முழுக்க ஏசி ஓட வேண்டும், வண்டி திணறக் கூடாது என்றும் சொன்னார். அடுத்த திங்கட்கிழமை அவரே முன்சீட்டில் உட்கார்ந்து வந்து பார்ப்பாராம். தேறினால் வருஷம் முழுக்க ஓட்டம். தேறாவிட்டால் வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, வெங்கடேசன் பழையபடி யாரிடமாவது சம்பளத்துக்கு ஸ்டியரிங் பிடிக்க வேண்டியதுதான்.

"டர்போ மாட்டிடலாம்ணா" என்றான் மெக்கானிக் ஜெபக்குமார். படப்பை ரோட்டில் தகரக் கொட்டகை போட்டிருப்பவன். வெங்கடேசனோடு அவன் மனைவி சசிரேகாவும் போயிருந்தாள். அவள் முழிப்பதைப் பார்த்து அவளுக்கும் சேர்த்துச் சொன்னான். "சைலன்சர்ல போற புகை இருக்குல்லக்கா, அது ஒரு சக்கரத்த சுத்தும். அந்தச் சக்கரம் இன்னொண்ண சுத்தி, காத்த இன்ஜினுக்குள்ள தள்ளும். அவ்ளோதான். ஆனா அது சுத்துற சுத்து சாதாரண சுத்து இல்ல. உள்ள பேரிங் நல்லதா இல்லன்னா இன்ஜினோட சேத்து முழுங்கிடும்."

சென்னையில் ஒரு கடையில் நல்ல செட் கிடைக்கும், பெட்டியில் நம்பர் இருக்கும், வாரண்டி இருக்கும் என்றான். விலைதான் அதிகம். "அதுல பாதி விலைக்குப் பேரில்லாத செட்டும் வருது. பாக்க அதவிட பளபளன்னு இருக்கும். ஆனா நான் அத கையால தொட மாட்டேன்."

வெங்கடேசன் நல்ல செட்டையே வாங்கலாம் என்று முடிவு செய்துவிட்டான். குறுக்கே விழுந்தவள் சசிரேகாதான்.

"எங்க அண்ணன் டர்போ கம்பெனியிலதான கீறாரு? ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்கலாமே."

அவள் அண்ணன் லோகேஷ் ஒரு டர்போ கம்பெனி ஸ்டோர்ஸில் வேலை பார்த்தான். கேட்ட மாத்திரத்தில் மார்பில் தட்டிக்கொண்டான். "இன்னா மச்சான், வூட்டுல ஆள வெச்சிக்கினு கடைக்கா போவ? வெளிநாட்டுக்குப் போற பீஸு. மேல ஒரு கீறல் வுழுந்தாக்கூட ரிஜெக்ட் பண்ணி செவப்பு வெச்சிடுவான். ஸ்கிராப் ஏலத்துல எடுத்தவன் நம்ம ஆளுதான். நீ கடைக்காரனுக்குக் குடுக்கறதுல பாதி குடு, போதும்."

அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு சிவப்புப் பொட்டு என்றால் ஒரு மயக்கம். கம்பெனிக்குள் அது கழித்துப்போட்டதற்கு அடையாளம். கேட்டைத் தாண்டி வெளியே வந்துவிட்டால் அதுவே அசலுக்கு அடையாளம். பொட்டு இருந்தால் நிஜமாகவே கம்பெனியில் செய்தது, ஏதோ அற்பக் குறைக்காக ஒதுக்கியது, மற்றபடி தங்கம் என்று நினைப்பார்கள். சிவப்பு வைத்த கண்ணாடி ஜன்னலில் இருக்கும், சிவப்பு வைத்த சீட் ஆட்டோவில் இருக்கும். யாரும் அதை அழிக்க மாட்டார்கள். வந்தவர்களிடம் காட்டுவார்கள்.

சசிரேகா ஒரகடத்தில் ரப்பர் குழாய் செய்யும் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் லைனில் நிற்பவள். நாள் முழுக்கச் சிவப்பு வைப்பதே அவள் வேலை. அவள் சிவப்பு வைத்த குழாய்களைக் கூண்டில் போட்டுப் பூட்டி, கடைசியில் துண்டுதுண்டாக வெட்டித்தான் வெளியே அனுப்புவார்கள். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். அண்ணன் கம்பெனியில் வேறு மாதிரி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொண்டாள் என்பதுகூட இல்லை. அண்ணன் சொல்லும்போது அவளுக்கு வேறு எதையும் நினைக்கத் தோன்றவில்லை.

லோகேஷ் டர்போவை சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தான். வழவழப்பான இரும்பு நத்தை மாதிரி இருந்தது. நத்தையின் முதுகில் ஒரு சிவப்புப் பொட்டு. ஜெபக்குமார் உள்ளே விரலை விட்டு தண்டை அசைத்துப் பார்த்தான்.

"லேசா ஆடுதுண்ணா."

"டேய், ஆயில் போனா தானா நின்னுடும்டா. எங்க கம்பெனிக்கு வந்து நீ பாடம் எடு" என்றான் லோகேஷ்.

ஜெபக்குமார் வெங்கடேசனைப் பார்த்தான். வெங்கடேசன் சசிரேகாவைப் பார்த்தான்.

"சும்மா மாட்டு ஜெபா" என்றாள் அவள். "கூடப் பொறந்தவரு, எங்களையா ஏமாத்துவாரு?"

ஞாயிற்றுக்கிழமை வண்டியை வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூஜை போட்டார்கள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தவனும் லோகேஷ்தான், பூசணிக்காயைச் சுற்றி உடைத்தவனும் அவன்தான். திரும்பி வரும்போது ஏசியைப் போட்டுக்கொண்டே பாலம் ஏறினார்கள். வண்டி விசில் அடித்துக்கொண்டு ஏறியது. வெங்கடேசன் சிரித்ததைப் பார்த்து, சசிரேகா அண்ணனை நினைத்துப் பெருமைப்பட்டாள்.

திங்கட்கிழமை மத்தியானம், ஏற்றிப்போக வேண்டிய ஏழு பேரில் அவளும் ஒருத்தி. முன்சீட்டில் மணிகண்டபிரபு. பின்னால் இடித்துப்பிடித்து மற்றவர்கள்.

"இன்னா சசி, உன் வூட்டுக்காரரு வண்டியில ஏறினா கூலிங்கு ஃப்ரிட்ஜுக்குள்ள ஒக்காந்தாப்புல கீது" என்றாள் கூட வேலை பார்க்கும் இசைவாணி.

"டிக்கெட்டு தனி" என்றாள் சசிரேகா.

"தோ பாரு, மொதலாளியம்மா பேசறாங்க!"

சிரிப்பு அடங்குவதற்குள் பாலம் வந்துவிட்டது. வெங்கடேசன் மிதித்தான். விசில் கேட்டது. பாதிப் பாலத்தில் அது விசிலாக இல்லாமல் கூச்சலாக மாறியது. அப்புறம் அடியில் ஏதோ நொறுங்கும் சத்தம். பின்கண்ணாடி முழுக்க வெள்ளையும் நீலமுமாகப் புகை. வெங்கடேசன் மிதியிலிருந்து காலை எடுத்தான். இன்ஜின் அடங்கவில்லை, இன்னும் இரைந்தது. சாவியைத் திருப்பினான். உருவி கையிலேயே எடுத்துவிட்டான். சாவி கையில் இருக்க, வண்டி பேய் பிடித்த மாதிரி தானே உறுமியது. உடைந்த டர்போ கசியவிட்ட ஆயிலைக் குடித்து இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பெண்கள் அலறினார்கள். அவன் டாப் கியரைப் போட்டு, பிரேக்கின் மேல் ஏறி நிற்பதுபோல் மிதித்து, கிளட்சை விட்டான். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி செத்துப்போனது.

யாருக்கும் அடிபடவில்லை. இசைவாணி சசிரேகாவின் கையைப் பிடித்தபடி அழுதுகொண்டே இறங்கினாள். மணிகண்டபிரபு கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போனில் வேறு வண்டிக்குச் சொன்னார். அது வந்ததும் வெங்கடேசனைத் திரும்பிப் பார்க்காமல் ஏறிக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் காலை ஜெபக்குமாரின் கொட்டகையில் டர்போ கழன்று ஒரு செய்தித்தாளின் மேல் கிடந்தது. சக்கரத்தின் இதழ்கள் பாதி இல்லை. அந்தப் பாதி இன்ஜினுக்குள் போயிருந்தது. "பிஸ்டன் வரைக்கும் போயிடுச்சுண்ணா" என்றான் ஜெபக்குமார். வெங்கடேசன் டயர் மேல் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். சசிரேகா நின்றாள்.

லோகேஷ் வந்தான். வரும்போதே பேசிக்கொண்டு வந்தான். "ஓட்டுற விதம் கீதுல்ல மச்சான்? ஸ்டார்ட் பண்ணி கொஞ்ச நேரம் வுட்டுட்டுதான் எடுக்கணும். எடுத்த எடுப்புல ஏழு பேர ஏத்திக்கினு பாலம் ஏறினா? கம்பெனி பீஸுடா அது. செவப்பு கீது பாரு."

எல்லோரும் சிவப்பைப் பார்த்தார்கள். தகரத்தின் ஓட்டை வழியாக வெயில் அதன் மேல் விழுந்திருந்தது. அந்தச் சிவப்புக்குள் பொடிப்பொடியாக ஏதோ மின்னியது.

சசிரேகா குனிந்தாள். அவள் தினமும் வைக்கிற சிவப்பு மின்னாது. எந்தக் கம்பெனிப் பெயிண்டும் மின்னாது. இந்த மினுக்கு அவளுக்குத் தெரியும். ஆடிக் கிருத்திகைக் கடையில் ஆசைப்பட்டு வாங்கிய நெயில் பாலிஷ். லைனில் கை விரலுக்கு வைக்க விட மாட்டார்கள் என்று, ஷூவுக்குள் யார் கண்ணிலும் படாத கால் விரலுக்கு மட்டும் வைத்துக்கொள்வாள். போன வாரம் வீட்டுக்கு வந்த அண்ணன், தன் பாப்பா கேட்டு அழுகிறாள் என்று சொல்லி அந்த பாட்டிலை வாங்கிக்கொண்டு போனான். பாட்டிலோடு ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் அவள் கொடுத்து அனுப்பினாள்.

"அண்ணா" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "அண்ணா, பாப்பாவுக்கு வாங்கினு போனியே பாலிஷு, அது தீந்துடுச்சா?"

 ஜெபக்குமார் பழைய துணியில் தின்னரை நனைத்து பொட்டின் ஓரத்தைத் தொட்டான். ஒரே இழுப்பில் வந்துவிட்டது. துணி மின்னியது.

"பேரில்லாத செட்டுதான்" என்றான் ஜெபக்குமார். "நான் தொட மாட்டேன்னு சொன்னது. என் கையாலயே மாட்டிட்டேன்."

"யோவ், இப்ப இன்னா கொல பண்ணிட்டேனா?" லோகேஷ் கத்தினான். "எல்லாம் ஓடும்னுதான் கடைக்காரன் குடுத்தான். எனக்கும் ஒரு கஷ்டம் இருந்துச்சு. அத்தோட நானா வந்து கேட்டேன்? இவதான கூப்டா? பாலிஷ் பாட்டில குடுத்ததும் இவதான?"

இவள் என்று அவன் விரல் நீட்டிய பக்கம் வெங்கடேசன் திரும்பினான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை, பாதத்தைப் பார்த்தான். அவள் செருப்போடு வந்திருந்தாள். பத்து விரலிலும் அதே சிவப்பு, அதே மினுக்கு.

"ஏங்க, பாப்பாவுக்குன்னுதான் குடுத்தேன். சத்தியமா."

அவன் எழுந்து, ஜெபக்குமாரின் பைக் சாவியை ஆணியிலிருந்து எடுத்தான். டர்போவைச் செய்தித்தாளோடு சுருட்டி அவள் கையில் திணித்தான். கனத்தது.

"எங்க போறோம்?"

"வல்லக்கோட்டைக்கு, உங்க அப்பா அம்மா வூட்டுக்கு. அவங்க எதுருல நீயே சொல்லு, இது இன்னாதுன்னு."

"மச்சான், வூட்டு விஷயத்த வெளிய..." என்று லோகேஷ் குறுக்கே வந்தான். வெங்கடேசன் அவனைச் சுற்றிக்கொண்டு பைக்கை எடுத்தான். அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அண்ணன் தன்னைப் பார்ப்பான் என்று சசிரேகா ஒரு கணம் காத்திருந்தாள். அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பைக்கில் போகும்போது அவள் எப்போதும் வெங்கடேசனின் தோளில் கை வைத்துக்கொள்வாள். இன்று ஒரு கையால் பின்கம்பியைப் பிடித்தாள். இன்னொரு கையால் மடியில் இருந்ததை அணைத்துக்கொண்டாள். செய்தித்தாளைத் தாண்டி ஆயில் புடவையில் ஊறியது.

வல்லக்கோட்டைக்குத் திரும்பும் இடத்தில் அவன் வேகத்தைக் குறைத்தான். திரும்பிப் பார்க்காமல் கேட்டான்.

"ஆடுதுன்னு ஜெபா சொன்னப்ப, நெசமாவே உனக்கு ஒண்ணும் தோணல?"

பாலிஷைப் பற்றிக் கேட்டிருந்தால் சத்தியம் செய்து பதில் சொல்லியிருப்பாள். இதற்கு என்ன சொல்வது? பூட்டிய கூண்டு அவள் கண் முன்னால் வந்தது. துண்டுதுண்டாக வெட்டிய குழாய்கள் வந்தன.

"தோணிச்சு" என்றாள். "அண்ணன்னு வுட்டுட்டேன்."

 பைக் வல்லக்கோட்டைப் பக்கம் திரும்பியது.