யோருனுக்கு ஒரு கழுகு

1

நார்வேயின் வார்டோ துறைமுகக் காபிக்கடையில் யாரோ கழுகுப் பேச்சை எடுத்ததும் யோருன் எழுந்து போய்விட்டாள். காபியைப் பாதிதான் குடித்திருந்தாள். அந்தப் பாதிக் கோப்பையிலிருந்து பிடித்த கதை இது. மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: வெள்ளைவால் கழுகு ஒன்று முகட்டிலிருந்து இறங்கியபோது யோருன்

வேண்டாம். கழுகு வரவேயில்லை. அவளுக்காக நானும் பொய் சொல்லப் பார்த்திருக்கிறேன்.

2

எதிர்த்தீவின் லொம்வி என்னும் கடற்பறவைகள் கூடு கட்டாது. வெறும் பாறை விளிம்பில் ஒற்றை முட்டையிட்டு நெருக்கியடித்து நிற்கும். ஆள் தலை தெரிந்தால் மொத்தமும் கிளம்பும், முட்டைகள் உருளும். அதனால் பறவைகளைக் கணக்கெடுப்பவர்கள் கண்காணிப்புக் குடிலிலிருந்து வயிற்றால் ஊர்ந்துதான் வெளியே வர வேண்டும். எல்லோரையும் அதட்டி ஊரவைப்பவளே யோருன்தான்.

அன்று காற்று அவள் கம்பளித் தொப்பியைத் தூக்கியது. பிடிக்க எழுந்து நின்றுவிட்டாள். (இதைவிடப் பெரிய காரணம் தேடினேன். கிடைத்ததெல்லாம் அவளை நல்லவளாக்கியது.)

அந்த விளிம்பு காலியானது. உருளாமல் மிஞ்சியதைக் கடற்காக்கைகள் தின்றன. தொப்பி அவள் கையில் இருந்தது.

3

கூட வேலை பார்க்கும் ஆல்ஃப் மூச்சிரைக்க ஏறி வந்தான்.

"கழுகா?"

"ம்."

"என்னாலதான். நேத்து மீன் குடலை இந்தப் பக்கம் கொட்டினேன். அதுக்குத்தான் வந்திருக்கும்."

"விடு ஆல்ஃப். யாருக்குத் தெரியும்."

அவனை அவள் சமாதானப்படுத்தினாள். எழுதவே எனக்குக் கூசுகிறது.

4

சில நாள் கழித்து இருவரும் குடிலில் படுத்திருந்தார்கள். முட்டை போன இடத்தில் ஒரு லொம்வி அலகில் மீனோடு வந்து நின்றது.

"குஞ்சு இருக்குன்னு நெனச்சுக்கிட்டிருக்கு, பாவம்," என்றான் ஆல்ஃப். "இன்னிக்குப் படகுல நம்ம குழுத் தலைவி வர்றாங்க. குடல் விஷயத்தை நானே சொல்லிடறேன். அடுத்த வருஷம் என்னைச் சேர்க்க மாட்டாங்க. பரவாயில்ல, நீ மீன் நல்லா சமைக்கக் கத்துக்க."

யோருன் தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டாள்.

5

இப்போது நிஜமாகவே ஒரு கழுகை அனுப்பலாம். எனக்கு ஒரு வரி வேலை. யோருன் தப்பிப்பாள், ஆல்ஃப் மாட்டிக்கொள்வான்.

இன்னொரு முடிவு: "ஆல்ஃப், அன்னிக்கு என் தொப்பி

(இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.)

ஆல்ஃப் ஊர்ந்து வெளியேறத் தொடங்கிவிட்டான், அவள் கற்றுக்கொடுத்தபடியே. அவள் அவன் பூட்ஸைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

"என்ன?" என்கிறான்.

கழுகை நான் அனுப்பமாட்டேன். பதிலை நீங்கள் சொல்லுங்கள். மெதுவாகச் சொல்லுங்கள், பக்கத்து விளிம்புகளில் இன்னும் முட்டைகள் இருக்கின்றன.