மேஸ்திரிக்கு ஒரு மாத்திரை

வெள்ளைக் கவுனின் இடுப்பருகே ஒரு கறுப்பு மணி இருந்தது. அண்ணி அதைத் தைக்கவில்லை.

"இது என்னக்கா, புதுசா இருக்கு?" என்று கண்ணாடியைப் பார்த்தபடி கேட்டாள் மணப்பெண்.

எங்கள் வீட்டின் முன்னறைதான் அண்ணியின் தையற்கடை. கல்யாணக் கவுன்கள் தைப்பதில் அண்ணிக்கு நல்ல பெயர். முக்காலி மேல் நின்றுகொண்டிருந்த அந்தப் பெண்ணுக்கு, எங்களுக்குள், 'இன்னுங்கொஞ்சம்' என்று பெயர். ஒவ்வொரு ட்ரையலிலும் இன்னும் கொஞ்சம் பிடிக்கச் சொல்வாள், இன்னும் கொஞ்சம் இறக்கச் சொல்வாள். அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன் இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கலாம் என்பான் அண்ணன்.

அண்ணிக்குத் தையலைப் போலவே சமாளிப்பதும் கைவந்த கலை. "மணிம்மா அது. கறுப்பு வெச்சா எடுப்பா இருக்குமான்னு பாக்க ஒண்ணு ஒட்டி வெச்சேன்."

இன்னுங்கொஞ்சம் குனிந்து பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. இன்னும் கொஞ்சம் மேல இருந்தா..."

மணி மேலே நடந்தது.

அதன்பிறகு எழுந்த அலறலில், வெட்டுமேசைக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்த மேஸ்திரி எழுந்து வந்து, என்ன வேலை நடக்கிறது என்று பார்த்தான். மேஸ்திரி எங்கள் நாய். வீட்டில் யார் ஆணி அடித்தாலும், பாத்திரம் தேய்த்தாலும், பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வேலை முடியும்வரை மேற்பார்வை பார்ப்பான். அவன் எழுந்ததால் அவன் முதுகிலிருந்து ஜட்ஜம்மா உருண்டு விழுந்தாள். அவள் அண்ணியின் பூனை. அவள் பார்க்கிற பார்வையில் நமக்கு எத்தனை வருஷம் தண்டனை என்பது தெரிந்துவிடும். அவள் தூங்குவது மேஸ்திரியின் முதுகில் மட்டும்தான்.

"அக்கா, இன்னொரு தடவை இந்த மாதிரி ஒண்ணைப் பாத்தேன், பாதித் தையலா இருந்தாலும் சரி, துணியைத் தூக்கிட்டுப் போயிட்டே இருப்பேன்" என்று சொல்லிவிட்டு, பாவாடையை உதறியபடியே வாசலைத் தாண்டினாள் இன்னுங்கொஞ்சம்.

நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். மூக்குக் கண்ணாடிகளுக்குக் கால் மாட்டுவது, திருகாணி முடுக்குவது, வில்லைகளைச் சட்டத்தில் பொருத்துவது. கண்ணில் செருகிக்கொள்ளும் பூதக்கண்ணாடி எப்போதும் என் பையில் இருக்கும். அதை மாட்டிக்கொண்டு அந்த மணியைப் பார்த்தேன். எட்டுக் கால்கள். உண்ணி.

எனக்கு அதன்மேல் கோபம் வரவில்லை என்பதுதான் பிரச்சினை. உண்ணிக்கு அவசரமே கிடையாது. ஒரு புல்லின் நுனியில் ஏறி, முன்கால்களை விரித்து வைத்துக்கொண்டு, யாராவது வருவார்கள் என்று நாள்கணக்கில் காத்திருக்கும். ரயில் வராத நிலையத்தில் பெட்டியோடு நிற்கும் பயணி மாதிரி. பிறகு ஒரு நாள் மேஸ்திரி வந்துவிடுகிறான்.

இதைச் சாப்பாட்டு மேசையில் சொன்னது தப்பு.

"வந்தவன் தானாவா வந்தான்? காலி மனைக்குள்ள அவனைக் கூட்டிட்டுப் போனது யாரு?" என்றாள் அண்ணி. "நீ இடுப்புயரப் புல்லுக்குள்ள நின்னு கனா கண்டுட்டு வர்ற. அவன் உண்ணியோட வர்றான். நான் வாடிக்கையாளரை இழந்துட்டு நிக்கிறேன்."

"இன்னும் இழக்கல, அண்ணி."

"இழக்கறதுக்கு முன்னாடிதான் பேசறேன். என் தம்பி மரக்கிடங்குக்குக் காவல்நாய் வேணும்னு கேட்டுட்டே இருக்கான். அடுத்த ட்ரையலுக்குள்ள உண்ணி போகணும். இல்லேன்னா நாய் போகணும்."

"மேஸ்திரியா? காவலுக்கா?" என்றான் அண்ணன். "திருடன் வந்தா, ஏணியை நேரா சாத்தியிருக்கானான்னு பாத்துட்டு நிப்பான்."

"சிரிக்காதீங்க. நான் விளையாட்டுக்குச் சொல்லல."

விளையாட்டில்லை என்பது எனக்கும் தெரிந்தது. அந்தக் கிடங்கை நான் பார்த்திருக்கிறேன். ஊருக்கு வெளியே, ஒரு தகரக் கொட்டகை, ஒரு சங்கிலி. மேற்பார்வை பார்க்க அங்கே ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

"அப்புறம் ஜட்ஜம்மா எங்கே தூங்குவா?" என்றேன்.

"நான் மெத்தை தைச்சுத் தர்றேன்" என்றாள் அண்ணி. ஆனால் சொல்லும்போது பூனையைப் பார்க்கவில்லை.

மறுநாள் அண்ணன் வெற்றியோடு வந்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். எந்தப் பிரச்சினைக்கும் சரியான இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும் என்று நம்புகிறவன். கையில் ஒரு சின்ன டப்பா. "சொட்டு மருந்து. பின்கழுத்துல முடியை விலக்கி விட்டா போதுமாம். கதை முடிஞ்சுது."

குழாயின் மூக்கைத் திருகி உடைக்கப் போனான். டப்பாவின் பக்கவாட்டில் எறும்பு எழுதியதுபோலப் பொடி எழுத்துகள். எழுத்து பொடியாக இருந்தால் படிக்காமல் இருக்க என்னால் முடியாது. பூதக்கண்ணாடியைச் செருகினேன்.

"நிறுத்து அண்ணா! இது பூனைக்கு விஷமாம்."

"பூனைக்கு யாரு விடறா? நாய்க்குத்தானே?"

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தோம். மருந்து விட வேண்டிய அதே இடத்தில் ஜட்ஜம்மா கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். இடையிடையே, அந்தக் கழுத்தைச் சாவகாசமாக நக்கிவிட்டாள்.

அண்ணி எழுந்து வந்து டப்பாவை அண்ணன் கையிலிருந்து பிடுங்கினாள். "டாக்டர்கிட்ட போய்க் கேளுங்க. நீங்க ரெண்டு பேரும் சேர்ந்தா ஒண்ணும் மிஞ்சாது."

மறுநாள் கண்ணாடிக் கடையில் வேலை முடிந்ததும், கடையின் நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல், மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனேன். சாட்சிக்கு உண்ணியை லென்ஸ் டப்பாவில் போட்டு எடுத்துப்போயிருந்தேன்.

டாக்டரம்மா டப்பாவைத் திறந்து பார்த்தார். "இதுக்குப் பார்வைக் குறைவா?" என்றார். அவர் மூக்கிலிருந்து கண்ணாடி வழுக்கி வந்துகொண்டேயிருந்தது. ஒரு காலின் திருகாணி ஆடுவது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. கேட்டு வாங்கிச் சரிசெய்ய ஆரம்பித்தேன். அவரும் கண்ணாடி இல்லாமலே பேச ஆரம்பித்தார்.

"வீட்டுல பூனை இருக்குன்னு சொன்னீங்களே, நல்ல வேளை. நாய்க்குப் போடற சில சொட்டு மருந்து பூனை உடம்புல பட்டாலே ஆபத்து. நடுக்கம் வரும், உயிரே போகலாம். மருந்து ஏத்தின கழுத்துப் பட்டை போடலாம்னா, உங்க பூனை அவன் கழுத்தைக் கடிக்குமா?"

"நக்குவா. கோபம் வந்தா கடிப்பா. அவளுக்கு அடிக்கடி கோபம் வரும்."

"அப்போ பட்டையும் வேணாம். மாத்திரைக்குப் போகலாம். இவனுக்கு எப்பவாவது வலிப்பு வந்திருக்கா?"

"இல்ல, டாக்டர்."

"எடை பாக்கணும். எடைக்குத் தகுந்த மாத்திரைதான் குடுக்கணும், கண்ணளவுல குடுக்கக் கூடாது." மேஸ்திரி எடைமேடையைச் சுற்றி வந்து, நான்கு மூலைகளையும் மோந்து, ஒப்புதல் கொடுத்த பிறகே ஏறினான்.

"இன்னொண்ணு. இது உண்ணியை வாசல்லயே நிறுத்தாது. வந்து கடிச்சாத்தான் சாகும். அதனால வெளிய போயிட்டு வந்தா காது, கால்விரல் இடுக்கு எல்லாம் தடவிப் பாருங்க. இருந்தா சாமணத்தால தோலோட ஒட்டிப் பிடிச்சு நேரா இழுங்க. எண்ணெய் ஊத்தறது, நெருப்பு வைக்கறது எல்லாம் வேணாம். வீட்டுச் சுவர் இடுக்கையும் சுத்தம் பண்ணுங்க, அங்கதான் முட்டை போடும். மாத்திரை பூனை வாய்க்குப் போயிடக் கூடாது, பாத்துக்கோங்க."

"அவன் சாப்பிடுவானா?"

"இறைச்சி வாசனை போட்டிருக்கு. மிட்டாய் மாதிரி சாப்பிடும் எல்லா நாயும்."

கண்ணாடிக்குப் புதுத் திருகாணி போட்டுக் கொடுத்தேன். கறுத்துத் தேய்ந்த பழையதை, கடையில் எல்லோரும் செய்வதுபோல, கோட்டுக் கையின் மடிப்பில் செருகிக்கொண்டேன்.

எல்லா நாயும் சாப்பிடும். மேஸ்திரி, கையில் வைத்து நீட்டிய மாத்திரையை மோந்து பார்த்து, பொருள் தரமில்லை என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டான். பன்னுக்குள் வைத்தோம். பன்னைத் தின்றுவிட்டு மாத்திரையைத் தரையில் வைத்தான். வேகவைத்த முட்டைக்குள் புதைத்தோம். முட்டையைக் காணோம், மாத்திரை மட்டும், துடைத்த மாதிரி, அண்ணியின் தையல் மிஷின் மிதிகட்டைக்குப் பக்கத்தில் இருந்தது. அண்ணன் மண்டியிட்டு, தானே ருசித்துச் சாப்பிடுவதுபோல நடித்துக் காட்டினான். மேஸ்திரி அவனை அக்கறையோடு பார்த்தான். நடிப்பில் குறையொன்றும் சொல்லவில்லை, ஆனால் சாப்பிடவும் இல்லை.

"யாரையும் சாப்பிடச் சொல்லி இப்படிக் கெஞ்சினதில்லடா நான்" என்றான் அண்ணன்.

"என்னைச் சாப்பிடச் சொல்லி எப்பவாவது கெஞ்சியிருக்கீங்களா?" என்றாள் அண்ணி, ஊசியில் நூல் கோத்தபடி.

ட்ரையலுக்கு இன்னுங்கொஞ்சம் வரும் நாள் நெருங்கியது. அண்ணன் லிஃப்ட் குழியில் இறங்கும் விளக்கை நெற்றியில் கட்டிக்கொண்டு சுவர் இடுக்குகளைச் சுரண்டினான். நான் விரிப்புகளைக் கொதிநீரில் அலசினேன். அண்ணியின் நூல் பிரிக்கும் சாமணத்தைக் கேட்காமல் எடுத்து உண்ணி பிடுங்கினேன். அதற்கு வாங்கிய திட்டு தனி. ஆனால் மாத்திரை உள்ளே போகாதவரை இதெல்லாம் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற வேலை என்று எல்லோருக்கும் தெரிந்தது. அண்ணியின் தம்பி போனில் சங்கிலியின் நீளம் பற்றிப் பேசினான். நான் மேஸ்திரியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, வாயைத் திறடா, தயவுசெய்து திறடா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் என் கன்னத்தை நக்கினான். வாயை அதற்கு மட்டும் திறந்தான்.

மிஷின் நின்றது.

"நகரு" என்றாள் அண்ணி. "நாள் பூரா இங்கேயே உக்காந்திருக்கேன். இவன் என்ன பண்றான்னு உங்களைவிட எனக்குத்தான் தெரியும். குடுத்தா சாப்பிடறவனா இவன்? இவன் மேஸ்திரி. பறிமுதல் பண்ணித்தான் பழக்கம்."

"புரியல, அண்ணி."

"ஜட்ஜம்மா தட்டுல எதையாவது மோந்து பாத்து யோசிச்சிருக்கானா? அவ தலை திரும்பினா அப்படியே உள்ள போகும். போ, அவளைத் தூக்கிட்டுப் போய் ட்ரையல் திரைக்குப் பின்னாடி நில்லு. என்ன ஆனாலும் விடாதே."

நான் ஜட்ஜம்மாவை மார்போடு கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் நின்றேன். துணி இடுக்கு வழியாகப் பார்த்தேன். அண்ணி பூனைத் தட்டில் மீன் துண்டை உதிர்த்து, நடுவே மாத்திரையை வைத்து, வழக்கமான மூலையில் வைத்தாள்.

"செல்லம், என் கண்ணே, வாம்மா, உனக்குத்தான்" என்று, இல்லாத பூனையைக் கொஞ்சினாள். "அந்தத் தடியனுக்கு ஒரு துணுக்குக்கூடக் கிடையாது."

மேஸ்திரியின் ஒரு காது நிமிர்ந்தது.

அண்ணி முதுகைத் திருப்பிக்கொண்டு மிஷினில் உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்தாள். ஊசியில் நூல் இல்லை, துணியும் இல்லை. வெறும் மிஷின் கடகடவென்று ஓடியது. ஜட்ஜம்மாவுக்கு மீன் வாசனை எட்டிவிட்டது. என் தோளில் ஒரு தீர்ப்பும் முழங்கையில் ஒரு மேல்முறையீடும் எழுதினாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மேஸ்திரி இடப்பக்கம் பார்த்தான். வலப்பக்கம் பார்த்தான். ஒரே வாய். தட்டு சுவரில் மோதி நின்றது.

அண்ணி திரும்பினாள். தட்டில் ஒன்றுமில்லை, தரையிலும் ஒன்றுமில்லை. "ஐயோ, திருட்டுப் பயலே!" என்று கத்தினாள். கத்தும்போதே சிரிப்பு வந்துவிட்டது. மேஸ்திரி வாலை ஆட்டினான். அன்று மாலை முழுக்க, அவன் கக்கிவிடுவானோ என்று அண்ணி மிஷினை விட்டு எழுந்து எழுந்து வந்து பார்த்தாள். எதற்கு எழுந்தாய் என்று கேட்டால், கத்தரிக்கோலைத் தேடுவதாகச் சொன்னாள். கத்தரிக்கோல் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் சீப்பால் வாரியபோது, உலர்ந்துபோன உண்ணிகள் உதிர்ந்தன. அதற்கு அடுத்த நாள் அதுவும் இல்லை. காலி மனைப் பக்கம் போவதை நிறுத்தினேன். தார்ச்சாலையில் நடந்தால் கனவு அவ்வளவாக வருவதில்லை.

ட்ரையல் நாள். கடையிலிருந்து நேராக வந்து, கோட்டோடு, கவுனின் கீழ்மடிப்பில் குண்டூசி குத்திக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இன்னுங்கொஞ்சம் முக்காலியில் நின்றாள். மேஸ்திரி வெட்டுமேசைக்கு அடியில், அவன்மேல் ஜட்ஜம்மா. கவுன் மேகம்போல விரிந்து கிடந்தது. இடுப்பில் இன்னும் கொஞ்சம் பிடிக்க வேண்டுமா என்று அண்ணி கேட்க, வேண்டாம் என்று பதில் வந்தது. சரித்திரத்திலேயே முதல்முறை.

பிறகு அவள் குரல் மாறியது. "அக்கா. மணி."

முழங்காலுக்குக் கீழே, வெள்ளையில், ஒரு கறுப்புப் புள்ளி.

அண்ணியின் முகத்தில் ரத்தம் இல்லை. "நான் மணி எதுவும் வைக்கலம்மா" என்றாள் மெதுவாக. இந்தத் தடவை அவளிடம் சமாளிப்பும் இல்லை.

எனக்குச் சங்கிலிச் சத்தம் கேட்டது. பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகித் தரையோடு தரையாகக் குனிந்தேன்.

"நடக்குதா?" என்றாள் மணப்பெண், கண்ணை மூடிக்கொண்டு.

"இல்ல."

"செத்துடுச்சா?"

"இல்ல. இதுக்குக் கால் இல்ல. மரை இருக்கு."

"என்னது?"

"ஸ்க்ரூ. மூக்குக் கண்ணாடி ஸ்க்ரூ. டாக்டரோடது." கோட்டுக் கையின் மடிப்பைத் தடவிப் பார்த்தேன். காலி.

இன்னுங்கொஞ்சம் முக்காலியில் நின்றபடியே சிரிக்க ஆரம்பித்தாள்; சிரித்த சிரிப்பில் இரண்டு குண்டூசிகள் கழன்றன. அண்ணி சிரிக்கவில்லை. அந்தத் திருகாணியை இரண்டு விரலால் எடுத்து, என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினாள். போனை எடுத்துத் தம்பியை அழைத்தாள்.

"கிடங்குக்கு வேற நாய் பாத்துக்கோடா. ஆமா. இல்ல, இவன் இங்க வேலையில இருக்கான்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இனிமே ட்ரையல் நடக்கும்போது மேஸ்திரி உள்ள இருக்கலாம். நீ இருக்கக் கூடாது. வெளிய போய், அந்தக் கோட்டை உதறு."

வாசலில் நின்று உதறினேன். இன்னும் இரண்டு திருகாணிகளும் ஒரு மூக்குப்பட்டையும் விழுந்தன. உள்ளே, "அக்கா, இடுப்புல இன்னும் கொஞ்சம்..." என்ற குரல் கேட்டது. கூடவே, சரி என்பதுபோல, ஒரு வால் தரையைத் தட்டும் சத்தம்.