அத்தானின் அட்டை

அத்தான் என்னைக் கொல்லப் பார்க்கிறார் என்று நான் நினைக்க ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை டீக்குக் கொஞ்சம் முன்னால்.

எங்கள் வேலை இரும்பு யார்டில். அத்தான், அதாவது என் அக்கா வீட்டுக்காரர், கிரேன் ஓட்டுகிறவர். கூரையை ஒட்டிய தண்டவாளத்தில் கிரேன் போகும், வரும். அதன் அடியில் ஒரு கண்ணாடிக் கூண்டு தொங்கும், கூண்டுக்குள் அத்தான். நான் கீழே. குழாய்க் கட்டுக்குச் சங்கிலி போட்டுக் கொக்கியில் மாட்டி, கையால் ஜாடை காட்டுவது என் வேலை. யார்டு சத்தத்தில் வாய் எதற்கும் உதவாது. விரலைச் சுழற்றினால் தூக்க வேண்டும். உள்ளங்கையைக் கவிழ்த்தால் இறக்க வேண்டும். முஷ்டியை மடக்கினால் நிறுத்த வேண்டும். பதினோரு வருடமாக இப்படி. அவர் இறக்கும் சுமை சத்தமே இல்லாமல் தரையில் உட்காரும். அதனால் யார்டில் அவருக்குப் பஞ்சு என்று பெயர்.

அன்று நான் முஷ்டியை மடக்கினேன். சுமை நிற்கவில்லை. ஒன்றரை டன் குழாய், இன்னும் மூன்றடி தள்ளி வந்து, என் தோளை உரசிக்கொண்டு போனது. தொப்பி ஒரு பக்கம் உருண்டது, நான் ஒரு பக்கம் உருண்டேன். எழுந்து மேலே பார்த்தேன். கூண்டிலிருந்து அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். கையைக்கூட அசைக்கவில்லை.

சாயங்காலம் குழாயடியில் கை கழுவும்போது, எதுவுமே நடக்காத மாதிரி பேசினார்.

"கைய ஒழுங்கா காட்டு மாப்ளே. தூங்கிக்கிட்டே காட்டுறே."

அன்றிலிருந்து அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

கொல்வதற்குக் காரணம் வேண்டுமே. இருந்தது. போன மாதம் சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு, உனக்குக் கிரேன் லிவர் பிடிக்கத் தெரியும், இப்போது எழுதப் படிக்கவும் வந்துவிட்டது, பஞ்சு இறங்கினால் கூண்டில் இருக்கும் அந்த நாற்காலி உனக்குத்தான் என்று சொல்லியிருந்தார். யாரோ அரை மணி நேரத்துக்குள் அதை அத்தான் காதில் போட்டுவிட்டார்கள். அதோடு அவர் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தினார். அக்கா வீடும் என் வீடும் ஒரே வரிசை. அவருக்கு மதியச் சாப்பாட்டை அக்கா என்னிடம்தான் கொடுத்துவிடுவாள். அவர் டப்பாவைத் திறந்ததும் மோந்து பார்ப்பார். பிறகுதான் கை வைப்பார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தே மோந்து பார்ப்பார்.

நாலு நாள் கணக்குப் போட்டேன். சுமைக்கு வலது பக்கம் நான் நின்றால், பழைய பஞ்சு. சொன்ன இடத்தில் நிற்கும். இடது பக்கம் நின்றால் தாமதம், இல்லாவிட்டால் ஒரு ஆட்டம். வலது பக்கம்தான் ஆபீஸ் ஜன்னல் இருக்கிறது, சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டே இருப்பார். இடது பக்கம் வெறும் சுவர். எனக்கு விளங்கிவிட்டது. சாட்சி இருக்கும் பக்கம் மனுஷன் ஒழுங்கு. சாட்சி இல்லாத பக்கம் என் உயிரோடு விளையாடுகிறார்.

இன்னொன்றும் இருந்தது. கூண்டுக்குப் போக முப்பத்தெட்டுப் படி. முன்பெல்லாம் ஒரே மூச்சில் ஏறுவார். இப்போது மூன்று இடத்தில் நின்றார். கூண்டுக்குள் ஒரு பாட்டிலும் தெரிந்தது. குடிக்கிறார் என்று முடிவு கட்டினேன். குடித்துவிட்டு என் மேல் இரும்பைத் தள்ளிவிட்டு, போதையில் நடந்தது என்றால் ஊரும் நம்பும். கையும் களவுமாகப் பிடித்து, அக்கா முன்னால் நிறுத்த வேண்டும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரம். ஷூவைக் கழற்றிவிட்டு, சத்தம் வராமல் ஏறினேன். கதவைத் தள்ளினேன்.

அத்தான் கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்திருந்தார். மூச்சு இழுத்து இழுத்து வந்தது. ஷூவின் கயிறு அவிழ்ந்து கிடந்தது. கால் வீங்கிப்போய் ஷூவின் வாயில் பிதுங்கி நின்றது. பாட்டிலை எடுத்து மோந்து பார்த்தேன். மூத்திரம். மேலே சோப்புத் தண்ணீர் மாதிரி நுரை.

"மோந்து பாத்தாச்சா," என்றார், கண்ணைத் திறக்காமலே. "என்னைக் கிரேனை விட்டு இறக்க இது போதுமா, இன்னும் வேணுமா?"

அடிக்கடி வருகிறது, அதற்காக முப்பத்தெட்டுப் படி இறங்கி ஏற முடியவில்லை என்றார். நான் அதை விட்டுவிட்டு, செவ்வாய்க்கிழமை ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டேன். அவர் இடது கண்ணுக்கு நேராகத் தன் கையையே ஆட்டிக் காட்டினார்.

"ரெண்டு மாசமா இந்தப் பக்கம் ஒரு கறுப்புத் துணி தொங்குது. நீ அந்தப் பக்கம் நின்னா எனக்குக் கையும் இல்ல, ஆளும் இல்ல. குத்துமதிப்பா நிறுத்துறேன்."

டாக்டரிடம் போகலாம் என்றேன். அவர் சிரித்தார். அடுத்த வாரம் மெடிக்கல் வருகிறது, எப்போதும் போல நீ கை கொடுத்தால் போதும் என்றார். கொடுக்கவில்லை என்றால் நாற்காலிக்காகத்தான் என்று தனக்குத் தெரியும் என்றும் சொன்னார்.

அந்தக் கை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வருடத்துக்கு ஒருமுறை யார்டுக்கு ஒரு மெடிக்கல் வண்டி வரும். நர்ஸ் எல்லோருக்கும் பிரஷர் பார்த்து ஒரு அட்டையில் எழுதுவாள். ஏழு வருடத்துக்கு முன்னால் அத்தானுக்கு நூற்று எழுபதுக்கு நூற்றுப் பத்து இருந்தது. டாக்டரிடம் கடிதம் வாங்கி வந்தால்தான் மேலே ஏறலாம் என்று இறக்கிவிட்டார்கள். பத்து நாள் மாத்திரை போட்டார், கடிதம் வந்தது, ஏறிவிட்டார். தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, எதற்கு மாத்திரை என்று அதோடு விட்டுவிட்டார். அடுத்த வருடம் மெடிக்கல் வந்ததும் பயந்தார். நான்தான் சொன்னேன், அட்டையில் போட்டோ இல்லையே, நர்ஸும் வருடா வருடம் புது ஆள், உங்கள் அட்டைக்கும் நானே போய் உட்காருகிறேன் என்று. என் அட்டைக்கு ஒரு தடவை உட்கார்ந்தேன். கடைசியில் சட்டையை மாற்றிக்கொண்டு அவர் அட்டைக்கும் உட்கார்ந்தேன். நூற்றிருபதுக்கு எண்பது. அன்று ரெண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். என் ஒரு கைக்கு ரெண்டு ஆள் சம்பளம் வாங்கலாம் என்று அத்தான் சொன்னார். அந்த விளையாட்டு ஆறு வருடம் ஓடியது.

கூண்டிலிருந்து இறங்கும்போது எனக்கு அவர் மேல் இருந்த சந்தேகம் தீர்ந்துபோனது. ஆனால் தீர்ந்தபின் அது போய் நின்ற இடம் நல்ல இடமாக இல்லை. நான் கை கொடுத்தால் அவர் மேலே இருப்பார். என்றைக்காவது குழாய் என் மேலோ வேறு யார் மேலோ விழும், இல்லாவிட்டால் அவரே அந்த நாற்காலியில் சாய்வார். கொடுக்காவிட்டால் நாற்காலி எனக்கு வரும். அக்கா, அத்தான், யார்டு எல்லோரும் ஒன்றைத்தான் சொல்வார்கள். அவர்கள் சொல்வது முழுப்பொய் என்று எனக்கே சத்தியம் பண்ண முடியவில்லை. அந்த நாற்காலியில் உட்கார எனக்கு ஆசை இருந்தது. வெயில் படாது, சங்கிலி கையைக் கிழிக்காது. முதுகும் நிமிர்ந்து இருக்கும்.

மெடிக்கல் அன்று காலை ரெண்டு அட்டையும் என் சட்டைப்பையில். அத்தான் மேலே. என் முறை முடிந்தது. திரும்பப் போய் வரிசையின் கடைசியில் நின்றேன், வேறு சட்டையில். நர்ஸ் பட்டையைச் சுற்றக் கையைப் பிடித்தாள். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

"இது என் அட்டை இல்லம்மா. இவர் மேல இருக்கார்."

சூப்பர்வைசர் விசில் ஊதி அத்தானை இறக்கினார். அவர் ஒவ்வொரு படியாக இறங்கி வந்ததை யார்டே நின்று பார்த்தது. என்னைத் திரும்பிப் பாராமல் கடந்து போனார். உட்கார்ந்து கையை நீட்டினார். மிஷின் காற்றடித்தது, நின்றது, போதாதென்று மறுபடி அடித்தது. நர்ஸ் எண்ணைப் பார்த்துவிட்டு அடுத்த கைக்கு மாற்றினாள். இருநூற்றுப் பதினெட்டுக்கு நூற்று முப்பது. அதற்குப்பின் அவள் அவரை நிற்கக்கூட விடவில்லை. உட்கார்ந்த நாற்காலியோடு வண்டியில் ஏற்றினார்கள்.

ஆஸ்பத்திரிக்கு அக்கா வந்துவிட்டாள். டாக்டர் ஒரு சின்னப் பெண். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆறு வருடமாக அச்சடித்த மாதிரி நல்ல பிரஷர், திடீரென்று எப்படி இவ்வளவு என்று அவளுக்குச் சந்தேகம். புதிதாக ஏதாவது மருந்து சாப்பிட்டாரா, சாப்பாட்டில் எதையாவது கலந்தார்களா, சிறுநீரகத்துக்கு மேலே கட்டி ஏதாவது இருக்கிறதா என்று ஒரு பெரிய பட்டியல் எழுத ஆரம்பித்தாள். சாப்பாடு என்ற சொல் விழுந்ததும் அக்கா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"டப்பாவ நீதானே கொண்டு போறே," என்றாள்.

கூடப் பிறந்தவள். சின்ன வயதில் எனக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டவள். அந்தப் பார்வையில் நான் ஒரு வேற்றாள்.

அந்த இடத்தில்தான் வாயைத் திறந்தேன். அட்டையில் இருப்பது ஆறு வருடமும் என் கை, அத்தான் கை இல்லை என்றேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். என்னைத் திட்டவில்லை, திட்டியிருக்கலாம். ஆறு வரியையும் ஒரே கோடாக அடித்துவிட்டு, ஏழு வருடத்துக்கு முந்திய நூற்று எழுபதை வட்டமிட்டாள். அப்புறம் எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். இது நேற்று வந்தது இல்லை. ஏழு வருடம் ரத்தம் உள்ளே இருந்து இடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. வலிக்காது, அதுதான் இதன் குணம். கண்ணுக்குப் பின்னால் ரத்தக்குழாய் அடைத்து ரத்தம் கசிந்திருக்கிறது. அழுத்தித் தள்ளித் தள்ளி இதயத்தின் சுவர் தடித்துவிட்டது, அதனால்தான் மூச்சு. சிறுநீரகம் பாதிக்கு மேல் போய்விட்டது, நுரையும் வீக்கமும் அதனால். போனதைத் திருப்ப முடியாது. இனிமேல் தினமும் மாத்திரை போட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம், மூளையில் அடைப்பு வராமலும் பார்த்துக்கொள்ளலாம்.

அத்தான் கட்டிலில் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்வியும் டாக்டரிடம் இல்லை.

"ஆறு வருஷம் கொடுத்த கைய, நாற்காலி வந்தப்பதான் இழுத்துக்கணுமா?"

யார்டில் என்னை ரெண்டு மாதம் நிறுத்தி வைத்தார்கள், பொய் அட்டைக்காக. நாற்காலி வெளியாள் ஒருவனுக்குப் போனது. இதனால் அத்தானின் சந்தேகம் தீரும் என்று நினைத்தேன். தீரவில்லை. சூப்பர்வைசரும் நானும் பேசி வைத்திருக்கிறோம், கொஞ்ச நாள் கழித்து நான் அதில் ஏறப் போகிறேன் என்று இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறார். என் கையால் மாத்திரை வாங்க மாட்டார். அக்கா கொடுத்தால்தான் வாங்குவார், அதையும் ஒரு தடவை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவார். ஆனால் போடுகிறார்.

நேற்று அக்கா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நான் வாசலோடு நின்று விசாரித்துவிட்டுக் கிளம்பினேன். அவள் முகத்தைத் திருப்பாமலே கேட்டாள்.

"நெசத்தைச் சொல்லு. அந்த நாற்காலி உனக்கே குடுத்திருந்தா ஏறியிருப்பியா?"

பொய் சொல்லலாம் என்று ஒரு நொடி தோன்றியது. ஏற்கெனவே ஆறு வருடத்துக்குச் சொல்லியாயிற்று.

"ஏறியிருப்பேன்க்கா."

அவள் ஒரு சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். அடுத்ததையும் உதறிப் போட்டாள். பிறகு, வியாழக்கிழமை காலையில் ரத்தம் எடுக்க வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். லேப் இரண்டாவது மாடி, லிப்ட் கிடையாது, அவள் ஒருத்தியால் அவரைப் பிடித்து ஏற்ற முடியாது.

"ஏழு மணிக்கு வந்துடு. அவர் ஏதாவது சொல்வார். வாயைத் திறக்காம பிடிச்சுக்க."